சீலிங் இல்லாத வீட்டுக்கு எந்தப் பிளாஷ்?

பிளாஷ் பற்றிய எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் முதற்பாடம் ஒன்றுதான்: முகத்துக்கு நேரே அடிக்காதே, பிளாஷின் தலையை மேலே திருப்பிச் சீலிங்கில் அடி. வெள்ளைச் சீலிங்கில் பட்டு இறங்கும் வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழும். கண்ணுக்குக் கீழ் நிழல் கட்டாது. நெற்றி வியர்வை பளபளக்காது. பாடம் சரிதான். ஆனால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு சாமத்திய வீட்டுக்குப் படமெடுக்கப் போகிறவர் அந்தச் சீலிங்குக்கு எங்கே போவார்?

போருக்குப் பிறகு இங்கே எழும்பிய வீடுகளில் பெருந்தொகை இந்திய வீட்டுத்திட்டத்தில் வந்தவை. குடும்பம் ஒன்றுக்கு 550,000 ரூபாய், கட்ட வேண்டியது 550 சதுர அடி. அந்தக் காசுக்குள் சுவர் எழும்பிக் கூரை ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. சீலிங் அடிப்பதைப் பற்றி யார் யோசித்தார்கள்? அண்ணாந்து பார்த்தால் ஓடும் சிலாகையும், இல்லாவிட்டால் சீற்றும்தான். பூச்சுக் காணாத சுவர்கள் வெளிச்சத்தைக் குடித்துவிடும். முற்றத்துப் பந்தல் என்றால் தகரம் அல்லது தறப்பாள். நீலத் தறப்பாளில் பிளாஷைத் திருப்பி அடித்துப் பாருங்கள், பிள்ளையின் முகம் நீலமாக வரும். வவுனியாவின் பெரிய மண்டபங்களில் சீலிங் உண்டு; ஆனால் அது நிற்கும் உயரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் சின்னப் பிளாஷின் வெளிச்சம் செத்துப் போகும்.

ஆகவே பிளாஷைக் கமெராவின் தலையிலிருந்து கழற்றி, பக்கத்திலே ஒரு தாங்கியில் ஏற்றி, குடைக்குள்ளால் அடிப்பது வன்னியில் பாஷன் அல்ல. வேறு வழியில்லாததால் வந்த தொழில்முறை. அப்படிக் கழற்றி அடிப்பதற்கு எந்தப் பிளாஷை வாங்குவது என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். கொம்பனிப் பிளாஷே வாங்கு, கனனுக்குக் கனன், நிக்கொனுக்கு நிக்கொன் என்பார் ஒருவர். சீனத்து மனுவல் பிளாஷ் இரண்டு வாங்கினால் அந்தக் காசில் பாதி மிஞ்சும் என்பார் இன்னொருவர். சின்னதெல்லாம் விளையாட்டுச் சாமான், பெரிய பற்றரிப் பிளாஷ் ஒன்று எடு என்பார் மூன்றாமவர். பிளாஷே எதற்கு, எல்.ஈ.டி. லைற் இருக்கிறதே என்பார் வீடியோக்காரர். நாலிலும் ஓரளவு உண்மை உண்டு. எதை எங்கே எடுப்பது என்று முடிவு செய்ய முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்த வெளிச்சம் யாருடைய முகம்வரை போய்ச் சேர வேண்டும்?

என் விடை: குழுப்படத்தின் கடைசி வரிசைவரை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு இந்த மண்ணில் காரணம் இருக்கிறது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட சாமான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். பென்ரோச் பற்றரி நாலு கிடைத்தால் அது செய்தி கேட்கப் போகும், பிளாஷுக்குப் போகாது. 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது சாமான்கள் வந்தன. 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி பூட்டப்பட்டது. 2009 இல் முள்ளிவாய்க்கால்வரை இடம்பெயர்ந்த குடும்பங்களில் அல்பத்தைக் கடைசிவரை சுமந்து கரைசேர்த்தவை எத்தனை? 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உட்கார்ந்த தாய்மார் கையில் ஏந்திய படங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெருப்பித்தவை சில. யாரோ ஒருவரின் கலியாணப் படத்திலிருந்து ஒரு தலையை மட்டும் வெட்டியெடுத்தவை சில. பின்வரிசையில் நின்ற பெடியனின் முகம் பாதி இருட்டில் இருக்கும். அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்தவர் மாப்பிள்ளை பொம்பிளையை மட்டும் பார்த்து வெளிச்சம் வைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் இருந்தது கமெராவின் தலையில் குந்தியிருந்த ஒரு பிளாஷ்.

அந்தப் பெடியன் ஏன் இருட்டினான் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பிளாஷிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். முன்வரிசை 2 மீற்றரில், பின்வரிசை 4 மீற்றரில் என்றால், முன்னால் இருக்கும் ஆச்சியின் வெள்ளைச் சேலை வெளிறும்போது பின்னால் நிற்பவருக்குக் கிடைப்பது கால்வாசி. அதே பிளாஷைக் கழற்றி, முன்வரிசைக்கு 5 மீற்றர் தள்ளி, தலைக்கு மேலே உயர்த்தி வைத்தால் பின்வரிசைக்கு 7 மீற்றர் வரும். இப்போது பின்னால் கிடைப்பது ஏறக்குறைய அரைவாசி. அரைவாசி என்பதைக் கணினியில் சரிசெய்யலாம். கால்வாசியை இழுத்து எடுத்தால் முகத்தில் மணல் தூவியதுபோல வரும். கழற்றி அடிப்பதன் பெரிய இலாபம் அழகிய நிழல் அல்ல, இந்தச் சமன்தான். ஆனால் தள்ளி வைத்தால் பலம் வேண்டும். இங்கேதான் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் வருகிறது.

அந்த எண்ணைக் கைட் நம்பர் என்பார்கள். அதைத் தூரத்தால், மீற்றரில், வகுத்தால் ஐ.எஸ்.ஓ. 100 இல் வைக்க வேண்டிய அப்பேச்சர் கிடைக்கும். கணக்கு நேர்மையானது, அச்சடிப்பவர்கள்தான் அவ்வளவு நேர்மையில்லை. பிளாஷின் உள்ளே இருக்கும் சூம் கண்ணாடி வெளிச்சத்தை எவ்வளவு ஒடுக்குகிறதோ அவ்வளவுக்கு எண் ஏறும். யொங்நுவோ வை.என். 560 பெட்டியில் 58 என்றிருக்கும். அது 105 மி.மீ. சூமில் அளந்தது. கோடொக்ஸ் ரி.ரி. 600 பெட்டியில் 60 என்றிருக்கும். அது 200 மி.மீ. சூமில் அளந்தது. 60 பெரிதென்று எண்ணிப் பின்னதை எடுப்பவர் பலத்துக்காக எடுக்கவில்லை, அச்சுக்காக எடுக்கிறார். இந்த வகைப் பிளாஷ்களெல்லாம் 50 மி.மீ. அளவில், ஒரு குழுவை மூடுகிற அகலத்தில், 42 ஐ ஒட்டியே நிற்கும். கனன் 580 ஈ.எக்ஸ். போன்ற விலைகூடிய கொம்பனிப் பிளாஷும் இதே இடத்தில்தான். பலத்துக்காகக் கொம்பனிப் பெயருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று இதிலேயே முடிவாகிவிடுகிறது.

இனி இந்த 42 ஐ எடுத்துக்கொண்டு வன்னியின் மத்தியான வெயிலுக்குப் போவோம். முகூர்த்தம் காலையில் என்றாலும் குழுப்படம் எடுக்க எல்லோரும் கூடும்போது பதினொன்றரை, பன்னிரண்டு மணியாகிவிடும். சாப்பாட்டுக்கு முன் எடுத்து முடிக்கச் சொல்லி மாமா நெருக்குவார். உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 இல், ஷட்டர் 1/200 என்றால் அப்பேச்சர் எஃப் 11. பெரும்பாலான கமெராக்களில் பிளாஷோடு சேர்ந்து ஓடும் உச்ச வேகம் 1/200 அல்லது 1/250 தான். அதற்கு மேலே போனால் படத்தில் கறுப்புப் பட்டி விழும். 42 ஐ 11 ஆல் வகுத்தால் 3.8 மீற்றர். அதாவது, முழுப்பலத்தில், குடையில்லாமல், 3.8 மீற்றரில் வைத்தால் பிளாஷ் சூரியனுக்குச் சமமாக நிற்கும். சமமாக நிற்கத் தேவையில்லை. கண்குழி நிழலை நிரப்பினால் போதும் என்றால் ஒரு ஸ்ரொப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, எஃப் 8 க்குக் கணக்குப் பார்க்கலாம்: 5 மீற்றர் கிடைக்கும். வெள்ளைக் குடைக்குள்ளால் அடித்தால் ஏறக்குறைய இரண்டு ஸ்ரொப் போய்விடும். 5 மீற்றர் இரண்டரையாகச் சுருங்கும். இரண்டரை மீற்றரில் குடையை வைத்து இருபது பேரை மூட முடியாது.

இந்தக் கணக்கு தெரியாதவர்கள்தான் வெயிலில் குடையை விரித்துவிட்டுப் பிளாஷ் காணாது என்று திட்டுவார்கள். வெளியில் கூட்டத்துக்குக் குடை வேண்டாம். வெறும் பிளாஷை உயர்த்திப் பிடியுங்கள். சூரியனே கூர்மையாக அடிக்கும் நேரத்தில் பிளாஷும் கூர்மையாக இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அதைவிட நல்லது, பிளாஷ் வாங்கும் முன் நிழல் தேடுவது. வளவில் ஒரு வேம்போ மாமரமோ இருக்கும். அதன் நிழலுக்குள் கூட்டத்தை இழுத்துவிட்டால் சூரியனோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை, கைப்பிளாஷ் ஒன்று தாராளமாகக் காணும். காசு செலவில்லாத மூன்று ஸ்ரொப் அது.

உள்ளே, மண்டபத்தில், கதை தலைகீழ். ஐ.எஸ்.ஓ. வை 100 இலிருந்து 400 க்கு ஏற்றினால் கைட் நம்பர் இரண்டு மடங்கு. 1600 க்கு ஏற்றினால் நாலு மடங்கு. இன்றைய கமெராக்கள் 1600 இல் முகம் சுளிப்பதில்லை. ஆக மண்டபத்தில் 1/8, 1/16 பலத்திலேயே வேலை முடியும். வெயிலில் இந்த வித்தை பலிக்காது, ஏனென்றால் ஐ.எஸ்.ஓ. ஏறும்போது சூரியனும் சேர்ந்து ஏறும். எனவே பெரிய பற்றரிப் பிளாஷ் வேண்டுமா என்ற கேள்விக்கு விடை, நீங்கள் வெயிலில் எவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. கோடொக்ஸ் ஏ.டி. 200 இருநூறு ஜூல். கைப்பிளாஷ்கள் 60, 70 ஜூலை ஒட்டியவை. ஒன்றரை ஸ்ரொப் கூடுதல், அவ்வளவுதான். இரணைமடு அணைக்கட்டில் பின்னேரம் மாப்பிள்ளை பொம்பிளையை நிறுத்திச் சூரியனைப் பின்னால் வைத்து எடுக்கிறவருக்கு அந்த ஒன்றரை ஸ்ரொப் சோறு போடும். மண்டபமும் பந்தலுமாக ஓடுகிறவருக்கு அது சுமை.

எல்.ஈ.டி. கட்சிக்கு ஒரு கணக்கோடு விடை சொல்லலாம். 60 வாட் லைற் ஒன்று 1/200 விநாடியில் செலவழிப்பது 0.3 ஜூல். கோடொக்ஸ் வி 1 பிளாஷ் ஒரே அடியில் 76 ஜூல். எல்.ஈ.டி. மின்சாரத்தைத் திறமையாக வெளிச்சமாக்கும் என்று எவ்வளவு சலுகை கொடுத்தாலும் இடைவெளி நூறு மடங்கை ஒட்டி நிற்கும். வீடியோவுக்கு அதுதான் வழி, படத்துக்கு அல்ல. இன்னொரு சண்டையும் இதற்குள் இருக்கிறது: தாலி கட்டும் நேரத்தில் படக்காரர் பிளாஷ் அடித்தால் வீடியோவில் அந்தக் கணம் பாதி வெள்ளையாக வெட்டித் தெரியும். கமெரா சென்சர் மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிப்பதால் வரும் கேடு அது. தீர்வு கருவியில் இல்லை; மணவறைக்கு ஏறுமுன் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில் இருக்கிறது. ‘கெட்டிமேளத்துக்கு நான் மூன்று அடிதான் அடிப்பேன் அண்ணை’ என்று முன்கூட்டியே சொன்னால் அண்ணை தன் லைற்றைக் கொஞ்சம் பணிப்பார்.

பலத்தைவிட எனக்குப் பெரிதாகப்படுவது பற்றரி. பென்ரோச் பற்றரி நாலில் ஓடும் பிளாஷ்களின் வசதி, உலகத்தின் எந்த மூலையிலும் அந்தப் பற்றரி கிடைக்கும் என்பது. புதுக்குடியிருப்பிலோ ஒட்டுசுட்டானிலோ பெட்டிக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் சுவர்மணிக்கூட்டுக்குப் போடும் மலிவுப் பற்றரி. அது பிளாஷுக்கு உதவாது. உள்தடை கூடியது, பிளாஷ் கேட்கும் வேகத்தில் மின்னோட்டத்தைக் கொடுக்காது. இரண்டு அடிக்குப் பிறகு பச்சை விளக்கு வர எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். சார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றரி, எனலூப் போன்றது, நல்லது. எட்டு இருந்தால் ஒரு கலியாணம் போகும். போலி எனலூப்பும் சந்தையில் உண்டு. 2000 என்பதற்குப் பதில் 3000, 4000 என்று அச்சடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லித்தியம் பற்றரியோடு வரும் பிளாஷ் வேறு சாதி. கோடொக்ஸ் வி 860 இன் இரண்டாம் பதிப்பு ஒரு சார்ஜில் 650 முழு அடி அடிக்கும் என்பது கொம்பனிக் கணக்கு. ஒன்றரை விநாடியில் அடுத்த அடிக்கு ஆயத்தமாகும். ரி.ரி. 600 இல் பற்றரி புதிதாக இருக்கும்போதே இரண்டரை விநாடிக்கு மேல், களைத்தபின் ஐந்தாறு. தாலி முடிச்சு விழ எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசித்தால் இந்த வித்தியாசத்தின் பெறுமதி தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்களில், இரண்டு லித்தியம் பற்றரியை இரவோடிரவாக ஏற்றி வைத்திருந்தவர் தொழில் செய்தார்; சுவரில் குத்தும் ஸ்ரூடியோ லைற்றை நம்பியவர் ஜெனரேற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றார்.

லித்தியத்துக்கும் குறையுண்டு. அந்தந்தப் பிளாஷுக்கு அந்தந்தப் பற்றரிதான். வீங்கினால் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வெயிலில் நின்ற வாகனத்துக்குள் விட்டால் வீங்கும். வெளிநாட்டிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொல்லி எடுப்பிப்பவர்கள், உதிரிப் பற்றரியைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்; சரக்குப் பெட்டிக்குள் வைக்க விமானத்தில் விடமாட்டார்கள். 100 வாட்மணிக்குக் குறைந்தது என்றால் தடையில்லை, ஏ.டி. 200 இன் பற்றரிகூட 42 வாட்மணிதான். அதைவிட முக்கியமாகச் சித்தப்பாவிடம் சொல்ல வேண்டியது, பிளாஷின் பெயருக்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்து. சி என்றால் கனன், என் என்றால் நிக்கொன், எஸ் என்றால் சொனி, எஃப் என்றால் புஜி. ரொறன்ரோவில் மலிவாகக் கிடைத்ததென்று எழுத்துப் பார்க்காமல் வாங்கி வந்தால், அது இங்கே வந்து அலுமாரியில் குந்தியிருக்கும். ரூபாய் இருக்கிற நிலையில் இது சின்ன விஷயமில்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஒரே பிளாஷ், ஒரே பெட்டி, விலை மட்டும் வேறு.

கழற்றிய பிளாஷுக்குக் கமெரா சொல்வது எப்படிக் கேட்கும்? பழைய வழி, இன்னொரு பிளாஷின் வெளிச்சத்தைக் கண்டு தானும் அடிக்கும் கண். எஸ் 1, எஸ் 2 என்று அநேகமான பிளாஷ்களில் இது உண்டு. இருட்டறையில் வேலை செய்யும். வெயிலில் கண் கூசிவிடும். கூட்டத்தில் யாரோ மாமா தன் பழைய கமெராவால் பிளாஷ் அடித்தால் உங்கள் பிளாஷும் மரியாதையாகச் சேர்ந்து அடித்துப் பற்றரியைத் தின்னும். ரேடியோதான் வழி. 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் ட்ரிகர் இன்று பெரும்பாலான பிளாஷ்களுக்குள்ளேயே இருக்கிறது; கமெராவின் தலையில் ஒரு சின்ன அனுப்பி வைத்தால் போதும்.

இந்த இடத்தில்தான் கொம்பனித் தெரிவு முடிவாகிறது, பிளாஷில் அல்ல. யொங்நுவோவின் ரேடியோ கோடொக்ஸோடு பேசாது. கோடொக்ஸ் கனனின் ரேடியோவோடு பேசாது. முதலில் வாங்கும் ட்ரிகர், பிறகு பத்து வருடம் வாங்கப்போகும் எல்லாப் பிளாஷையும் தீர்மானிக்கும். இன்றைக்கு வன்னியில் தொடங்குகிறவருக்கு நான் கோடொக்ஸ் என்றே சொல்வேன். அது மற்றதைவிடத் திறமென்பதால் அல்ல. பக்கத்து ஊர் ஸ்ரூடியோக்காரரிடமும் அதுதான் இருக்கும் என்பதால். உங்களுடையது மக்கர் பண்ணினால் இரவல் வாங்கலாம். இரவல் வாங்கக்கூடிய கருவி இங்கே உத்தரவாதக் கடதாசியைவிட மேல்.

எல்லோரிடமும் ஒன்றே இருப்பதில் ஒரு கூத்தும் உண்டு. பொம்பிளை வீட்டார் ஒரு படக்காரரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு படக்காரரையும் கொண்டு வருவார்கள். இரண்டு பேரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சனல் 1 இல் இருப்பார்கள். இவர் அடிக்க அவருடைய பிளாஷ் மின்னும். அவர் அடிக்க இவருடையது மின்னும். ஒரு மணித்தியாலத்தில் இரண்டு பேருடைய பற்றரியும் தீரும், கதைவழிப்படுவார்கள். புதிய கோடொக்ஸ்களில் சனலுக்கு மேலே 1 முதல் 99 வரை ஓர் அடையாள எண்ணும் வைக்கலாம். வாங்கிய அன்றைக்கே உங்கள் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கத்தைப் போட்டுவிடுங்கள்.

தொடக்கக்காரர்கள் தலையிடித்துக்கொள்ளும் ஒரு விஷயம், கனனின் மலிவுக் கமெராக்களில் இருக்கிறது. 1500 டி, 3000 டி, 200 டி இரண்டாம் பதிப்பு ஆகியவற்றின் பிளாஷ் செருகும் இடத்தில் நடுவிலுள்ள பெரிய ஊசிமுனையைக் கனன் எடுத்துவிட்டது. ஒற்றை ஊசியில் மட்டும் பேசும் ரி.ரி. 600, வை.என். 560, பழைய ட்ரிகர்கள் எதுவும் அந்தக் கமெராவின் தலையில் அடிக்காது. பிளாஷ் பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் கமெராவின் தலையைப் பாருங்கள். நடு ஊசி இல்லையென்றால், கனனுக்கென்றே செய்த, அந்தக் கமெராக்களை ஆதரிக்கும் ட்ரிகர் வேண்டும். அது கமெராவில் இருந்தால் தாங்கியிலுள்ள ரி.ரி. 600 ஒழுங்காக அடிக்கும்.

ரி.ரி.எல். வேண்டுமா? கமெராவே அளந்து பிளாஷின் பலத்தைத் தானாக வைக்கும் வசதி இது. விலையில் பாதி இதற்குத்தான் போகிறது. 2006 இல் அமெரிக்காவில் பால்டிமோர் சன் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் டேவிட் ஹொபி, சின்னப் பிளாஷையும் குடையையும் கொண்டு ஸ்ரூடியோ வேலை செய்யலாம் என்று உலகத்துக்குப் பாடம் நடத்தத் தொடங்கியபோது, கையால் பலம் வைப்பதையே கற்பித்தார். தாங்கியில் நிற்கும் பிளாஷுக்கு அவர் சொன்னதே சரி. மணவறை நகராது, பிளாஷ் நகராது. ஒருமுறை 1/8 என்று வைத்தால் மூன்று மணித்தியாலமும் அதே வெளிச்சம். ரி.ரி.எல். இல் விட்டால், வெள்ளை வேட்டி சட்டையோடு நாலு பேர் வந்து நின்றதும் கமெரா பயந்து வெளிச்சத்தைக் குறைக்கும். கரிய முகங்கள் இன்னும் கரியதாகும். எங்கள் நிறத்துக்கும் எங்கள் உடுப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அந்த மூளை சரியாகக் கணிப்பதில்லை. ஆனால் பொம்பிளை அழைத்து வரும் ஊர்வலத்தில், பெடியன் பிளாஷைத் தடியில் கட்டிக்கொண்டு கூடவே நடக்கும்போது தூரம் ஒவ்வோர் அடிக்கும் மாறும். அங்கே ரி.ரி.எல். காசுக்குப் பெறுமதி.

ஆகவே என் சிபாரிசு இப்படி நிற்கிறது: முதற்பிளாஷ் லித்தியம் பற்றரியோடு, ரி.ரி.எல். உள்ளது, தேவைப்படும்போது கமெராவில், மற்ற நேரம் தடியில். இரண்டாவது மலிவான மனுவல். மணவறைக்குப் பின்பக்கமோ மண்டப மூலையிலோ, கடைசி வரிசைக்கென்றே. காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் இரண்டு மனுவலை எடுங்கள், ஒரு ரி.ரி.எல். ஐ அல்ல. இரண்டு பிளாஷ் ஒன்றைவிடப் பலத்தில் ஒரு ஸ்ரொப்தான் கூட. ஆனால் இரண்டு இடத்தில் வைக்கலாம். பிரகாசமான வெளியில் அகன்ற அப்பேச்சரில் எடுக்க உதவும் அதிவேக ஒத்திசைவு, ரி.ரி. 600 இலும் உண்டு, கழற்றி அடிக்கும்போது மட்டும். அதைப் பாவித்தால் இரண்டு ஸ்ரொப்புக்கு மேல் பலம் போகும். கூட்டத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

பழைய பிளாஷ் ஏதும் வீட்டில் கிடக்கிறதென்றால் எடுத்தவுடன் புதுக் கமெராவில் செருகாதீர்கள். பிலிம் காலத்து விவிற்றார் 283 இன் ஆரம்பப் பதிப்புகளில் ஊசியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிலிம் கமெராவின் உலோகத் தொடுகைக்கு அது தூசு, டிஜிற்றல் கமெராவின் சர்க்கிட்டுக்குச் சாவு. மல்ரிமீற்றரால் நடு ஊசிக்கும் விளிம்புக்கும் இடையில் அளந்து பாருங்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்ததானால் உள்ளிருக்கும் கபாசிற்றர் சோர்ந்திருக்கும். பற்றரியைப் போட்டு நீண்ட நேரம் ஏறவிட்டு, சின்னப் பலத்தில் சில அடி அடித்து மெல்ல எழுப்ப வேண்டும்.

குடையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக இல்லை. எந்த வெள்ளைக் குடையும் போதும். காற்றைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. வைகாசி பிறந்தால் சோளகம் எழும்பும். பரந்தன் வெளியில் தாங்கியில் விரித்த குடை நிற்காது, பிளாஷையும் சேர்த்துக்கொண்டு விழும். உடையும் பிளாஷ்களில் அநேகம் அப்படி உடைந்தவை. மண்மூட்டை கட்டுங்கள், அல்லது ஒரு பெடியனைப் பிடியுங்கள். தாங்கியைவிடப் பெடியன் மேல்: மாமி வந்து நடுவில் நின்றால் தாங்கி விலகாது, அவன் விலகுவான். முல்லைத்தீவுக் கரையில் வேலை செய்கிறவர்கள் உப்புக் காற்றுப் பட்ட ஊசிகளை இரவே துடைத்து வையுங்கள். பச்சை பூத்தால் ட்ரிகர் விட்டுவிட்டுத்தான் பேசும்.

ஸ்ரூடியோ வைத்திருப்பவருக்குக் கணக்கு வேறு. 2017 முதல் தேசிய அடையாள அட்டைப் படம் ஐ.சி.ஏ.ஓ. தரத்தில், பதிவு பெற்ற ஸ்ரூடியோவில் எடுக்க வேண்டும். முகத்தில் ஒரு பக்கம் நிழல், பின்னால் சுவரில் நிழல், கண்ணாடியில் பிளாஷின் பிரதிபலிப்பு எதுவும் கூடாது. இரண்டு பக்கமும் 45 பாகையில் ஒரேயளவு பலத்தில் இரண்டு மலிவு மனுவல் பிளாஷும் இரண்டு குடையும் இதற்கு ஏற்பாடு. ஆளைச் சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் முன்னால் இருத்தினால் நிழல் பிரேமுக்கு வெளியே விழும். இங்கே நாடகத்தனமான ஒளி தேவையில்லை, ஒரே சீராக இருந்தால் சரி.

பிளாஷை எடுக்கவே கூடாத இடமும் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்கு முன் முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் கடல்நீரில் விளக்கெரியும். பிறகு அது வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் போகும். அந்தச் சுடரைப் படமெடுக்கப் பிளாஷ் அடித்தால் படத்தில் விளக்கு இருக்கும், வெளிச்சம் இருக்காது. சுடரைச் சுற்றியுள்ள முகங்களின் மஞ்சள் ஒரே அடியில் கழுவுப்பட்டுப் போகும். ஐ.எஸ்.ஓ. வை ஏற்றுங்கள், மூச்சை அடக்குங்கள், ட்ரிகரை நிறுத்துங்கள்.

கடைசியாகக் கடையில் செய்ய வேண்டியது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வாங்கப் போகும்போது உங்கள் கமெராவையும் சார்ஜ் ஏற்றிய பற்றரியையும் கொண்டு போங்கள். பிளாஷைக் கடையின் அந்தக் கோடியில் ஒரு அலுமாரிக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, இந்தக் கோடியிலிருந்து ட்ரிகரால் இருபது தரம் அடியுங்கள். இருபதில் ஒன்று தவறினாலும் வேறொன்று கேளுங்கள். பிறகு முழுப்பலத்தில் விட்டுவிட்டு ஒரு பத்து அடி; ஆயத்த விளக்கு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறதா என்று பாருங்கள். கால்பக்கத்துப் பிளாஸ்ரிக் ஆடுகிறதா, பற்றரி மூடி இறுக்கமா என்று கையால் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. ஏ9 இல் பஸ் ஏறி வீடு வந்தபின் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க இன்னொரு நாள் தொழில் போகும், பஸ் காசும் போகும்.